நீங்க இருங்க மாமா

இல்லீங்க, எனக்கு ஒண்ணுமில்லீங்க. கால் ரெண்டும் கல்லாட்டம் இருக்குது. அந்தக் கதவு தொறக்கறப்பெல்லாம் நான் ஒரு குதி குதிச்சேனே, அதைப் பாத்துட்டுத்தானுங்க கேக்கறீங்க? அது சீக்கு இல்லீங்க. அது டென்னிசு.

பாருங்க, நீங்க நம்பல. சித்தெ இக்கட்ட நகந்து உக்காருங்க, சொல்றேன். உங்கம்மாவை இப்பத்தான உள்ள கூட்டிட்டுப் போனாங்க? இடுப்பெலும்புன்னா எப்படியும் முக்கா மணி நேரம் ஆகும். ஆறு வாரமா இந்த ஆசுபத்திரிப் பெஞ்சுல உக்காந்து எந்திரிக்கறவன் சொல்றேன், கேட்டுக்குங்க.

என்ற பேரு வெள்ளிங்கிரி. உடுமலைப்பேட்டையில மோட்டார் பம்பு கடை. உள்ள இருக்கறது என்ற மச்சினன் ஈஸ்வரமூர்த்தி, என்ற ஊட்டுக்காரம்மாவுக்கு ஒரே தம்பி. மொழங்கால் ஆப்பரேசன். இன்னைக்குத்தான் ஊணுகோல் இல்லாம நடக்க வெச்சுப் பாக்கறோம்னு சொல்லியிருக்காங்க. நடந்துட்டான்னா பரவாயில்ல. நடக்கலைன்னா இன்னொருக்கா கத்தி வெக்கோணுமாம். அதுதான் இந்தக் கதவையே பாத்துட்டிருக்கேன். கதவு அசைஞ்சா காலு தானாக் குதிக்குது. பழக்கமாயிப் போச்சுங்க.

பதினோரு வருசத்துக்கு முன்னாடி எனக்குச் சக்கரை வந்துச்சு. டாக்டர் நடக்கச் சொன்னாரு. எனக்கு நடக்கறதே ஆகாதுங்க. பொழப்பில்லாம அரை மணி நேரம் நடந்து போயி, திரும்பி அதே ஊட்டுக்கு வர்றதுக்கு, ஊட்லயே இருந்துட்டாத்தான் என்ன? அப்பத்தான் ஈஸ்வரமூர்த்தி, "கிளப்புக்கு வாங்க மாமா, டென்னிசு ஆடலாம்"னு கூட்டிட்டுப் போனான். அவன் கோயமுத்தூர்ல படிக்கறப்ப காலேஜ் டீமுக்கு ஆடுனவன். இப்ப பாலிடெக்னிக்ல வாத்தியாரு. நானும் அவனும் ஜோடி சேந்தோம். எங்க கிளப்புல ரெண்டே ரெண்டு செம்மண் கோர்ட்டுத்தான். ஆனாப் பொங்கலுக்குப் பொங்கல் ஜோடிக் கப்பு ஒண்ணு நடத்துவாங்க, ஊரே வந்து பாக்கும். பதினோரு வருசத்துல ஏழு கப்பு எங்களுது.

எப்படி ஜெயிச்சோம்னு கேளுங்க. நான் தூணுங்க. நெட்டுக்குக் கிட்டத்துல காலை அகட்டி வெச்சு நின்னேன்னா நின்னதுதான். எங்கிட்ட வந்த பந்து ஒண்ணு தப்பாது. எங்கிட்ட வராத பந்தை அவன் பாத்துக்குவான். அவன் ஒரு ஓட்டக்காரனுங்க. எதுக்குத்தான் அப்படி ஓடறான்னு தெரியாது. இந்த மூலைக்கு ஓடுவான், அந்த மூலைக்கு ஓடுவான், என்ற முதுகுக்குப் பின்னாடி பூந்து ஓடுவான். நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். ஜோடின்னா ஒரு நம்பிக்கை வேணுமில்லீங்களா?

எப்பவாச்சும் ஒரு பந்து எனக்கு ரெண்டடி தள்ளி உழுகும். போலாமா வேண்டாமான்னு நான் ரோசனை பண்றதுக்குள்ள பின்னாலிருந்து சத்தம் வரும், "நீங்க இருங்க மாமா, நான் பாத்துக்கறேன்." அவ்வளவு மரியாதைங்க. கோர்ட்டுல மத்த ஜோடியெல்லாம் "ஓடுடா, எட்றா, தூங்கறியாடா"ன்னு கத்திக்குவாங்க. என்ற மச்சினன் பதினோரு வருசத்துல ஒரு நாள் என்னை ஓடுங்கன்னு சொன்னதில்ல. சொல்லுவானா? எங்க கல்யாணத்துல மணவறைக்கு முன்னாடி என்னை நிக்க வெச்சு, பாலும் தண்ணியும் ஊத்தி என்ற காலைக் கழுவி உட்டவன் அவன். எங்க பக்கம் பொண்ணோட தம்பி மாப்பிள்ளை காலைக் கழுவோணும், மாப்பிள்ளை அவன் வெரல்ல மோதிரம் போடோணும். அப்ப அவனுக்கு இருவது வயசு. அந்தக் காலைப் பாத்து ஓடுன்னு சொல்றதுக்கு வாய் வருமா?

அவன்கிட்ட ஒரே ஒரு கொறைங்க. பொருளை வெச்சுப் பொழங்கத் தெரியாது. அஞ்சு மாசத்துக்கு ஒரு சோடி ஷூ வாங்குவான். அடி தேஞ்சு, பக்கம் கிழிஞ்சு, பாக்கவே அசிங்கமா இருக்கும். என்ற ஷூவப் பாருங்கடான்னு நான் எல்லார்த்துக்கும் காட்டுவேன். நாலு வருசம் ஆகியும் அடியில போட்ட வரி அப்படியே இருந்துச்சுங்க. மார்க்கர் ஆறுச்சாமின்னு ஒருத்தர், கோர்ட்டுக்குத் தண்ணி தெளிச்சு ரோலர் இழுக்கறவரு, அவரே சொல்லுவாரு. "உங்க பக்கம் ரோலரே போட வேண்டியதில்லீங்க. உங்க மச்சினன் பக்கந்தான் ஏர் ஓட்டுன காடாட்டம் கெடக்குது." ஆட்டம் சுத்தமா இருந்தாக் கோர்ட்டும் சுத்தமா இருக்கும்னு நான் அவருக்கு வெளக்கிச் சொல்லுவேன்.

இப்படி இருக்கறப்பத்தானுங்க போன ஆடியில அந்தக் கூத்து நடந்துச்சு. கிளப்பு நோட்டீஸ் போர்டுல பொங்கல் கப்புக்கு ஜோடிப் பேரெல்லாம் எழுதி ஒட்டியிருந்தாங்க. எங்க பேரு மொதல்ல இருக்கும்னு பாத்தா, 'ஈஸ்வரமூர்த்தி - ஹரிஹரன்'னு போட்டிருக்குது. ஹரிஹரன்னா யாரு? பேங்குக்குப் புதுசா மாத்தலாகி வந்த மேனேஜரு. ஊருக்கு வந்து நாலு மாசங்கூட ஆகல. நான் எழுத்துப் பிழைன்னு நெனச்சு, பேனா எடுத்து ஹரிஹரனை அடிச்சுட்டு என்ற பேரை எழுதிட்டு வந்துட்டேன். அடுத்த நாள் செக்ரட்டரி போன் பண்ணி, "அண்ணா, அது சரியாத்தானுங்க இருக்குது"ங்கறாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. கட்டுன பொண்டாட்டியோட கூடப் பொறந்தவன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. போர்டப் பாத்துத் தெரிஞ்சுக்கோணுமா நான்? அன்னைக்கு ராத்திரி சோறே எறங்கலீங்க. பூங்கொடிகிட்ட, அதுதான் என்ற ஊட்டுக்காரம்மா, "உன்ற தம்பி பண்ணுன வேலையப் பாத்தியா?"ன்னு கேட்டேன்.

அவ ஆவியில இருந்து இட்லித் தட்டை எறக்கிட்டே சொல்றா, "நீங்க ஒரு நாளாச்சும் அந்தக் கோர்ட்டுல காலை நகத்தியிருக்கீங்களா?"

"பின்ன? கார் நிறுத்தற எடத்துலிருந்து கோர்ட்டுக்கு நடந்துதான போறேன்?"ன்னேன். அவ இட்லித் தட்டை டொப்புன்னு வெச்சுட்டுப் போயிட்டா.

ஞாயித்துக்கெழமை அவனே ஊட்டுக்கு வந்தான். சேர்ல உக்காராம நின்னுட்டே பேசறான். "இல்லீங் மாமா, மேனேஜரு ஊருக்குப் புதுசு, சோடி கெடைக்கலைன்னாரு, ஒரு மரியாதைக்குத்தான்..." வார்த்தை வாயிலயே நிக்குது. கையில வலது மொழங்காலைத் தேச்சுட்டே இருந்தான். அப்ப அதை நான் பெருசா எடுத்துக்கல. மரியாதையெல்லாம் இப்ப மேனேஜருக்குப் போயிருச்சான்னு மட்டும் கேட்டேன். அவன் கண்ணு கலங்கிருச்சு. காப்பியக் குடிக்காமயே போயிட்டான்.

அந்த மேனேஜரு ஒரு நாள் கிளப்பு வாசல்ல என்னை நிறுத்தி, "சார், நீங்க நல்லா அடிக்கறீங்க. ஆனா நீங்க நிக்கற எடத்துக்கு வர்ற பந்தைத்தான் அடிக்கறீங்க"ன்னாரு. வெளியூர்க்காரரு, பேசத் தெரியாதுன்னு உட்டுட்டேன். ஆனா ஊருக்குள்ள வெள்ளிங்கிரி நகர மாட்டான்னு ஒரு பேச்சுக் கெளம்பிருச்சுங்க. இதை இப்படியே உட்டாத் தப்பு. யாராச்சும் வெவரம் தெரிஞ்ச ஆளு பாத்து, என்ற காலுமேல ஒரு கொறையும் இல்லைன்னு நாலு பேருக்கு முன்னாடி சொல்லோணும். அதுக்கு எங்க கிளப்புல குழந்தைகளுக்குச் சொல்லிக் குடுக்கற ஜெசிந்தா டீச்சர்கிட்டப் போனேன். தூத்துக்குடிக்காரங்க. முப்பத்தஞ்சு வயசிருக்கும், பேச்சுல ஈவு எரக்கம் கெடையாது.

அந்தம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? கோர்ட்டுக்குக் கோடு போடற சுண்ணாம்புப் பொடியை ஒரு தட்டத்துல கொட்டி, "ரெண்டு காலையும் இதுல நல்லா மிதிச்சுட்டுப் போய் நில்லுங்க சார்"னாங்க. நின்னேன். அந்தப் பக்கத்துலிருந்து இருவது பந்து போட்டாங்க. எங்கிட்ட வந்ததை அடிச்சேன். தள்ளி உழுந்ததை உட்டுட்டேன்.

"அத ஏன் சார் அடிக்கல?"

"அது என்ற மச்சினன் பந்துங்க."

"உங்க மச்சினன் எங்க இருக்காங்க?"

"அவன் இன்னைக்கு வரலீங்க."

டீச்சர் நெட்டைச் சுத்தி நடந்து வந்து, தரையைக் காட்டுனாங்க. செவந்த மண்ணுல வெள்ளையா ரெண்டே ரெண்டு பாதம். கிருஷ்ண ஜெயந்திக்கு வாசல்லிருந்து சாமி ரூம் வரைக்கும் மாவுல பாதம் போடுவாங்க பாருங்க, அந்த மாதிரி. ஆனா எங்க கிருஷ்ணன் வாசப்படியிலயே நின்னுட்டாரு. "சாமி வீட்டுக்குள்ளயே வரல சார், என்ன மரம் மாதிரி நிக்கீங்க"ன்னாங்க. ஆறுச்சாமி ரோலர்மேல உக்காந்து சிரிக்கறாரு. எனக்கு வந்த கோவத்துல, "சேரி, நாளைக்கே சொல்லிக் குடுங்க. ரெண்டு வாரத்துல கத்துக்கறேன்"னுட்டேன். வாய் முந்திருச்சு.

மனசுக்குள்ள கணக்கு வேற. நல்லாக் கத்துக்கிட்டு, பொங்கல் கப்புல அந்த ஜோடியைத் தோக்கடிக்கோணும். தோத்தா, இந்த மாமாவை உட்டுட்டுப் போனது தப்புன்னு அவனுக்குப் புரியும். அடுத்த வருசம் திரும்பி எங்கிட்டத்தான வந்து நிப்பான்? அதுதானுங்க எனக்கு வேணும். கப்பு பித்தளைதான். ஊட்ல ஏழு கெடக்குது.

டீச்சர்கிட்டத் தனி நேரம் கெடையாதாம். சாயங்காலம் அஞ்சு மணிக்கு எட்டு வயசுக் குழந்தைகளோட சேந்து வரச் சொல்லிட்டாங்க. பதினாலு குழந்தைகளும் நானும். அம்பத்தாறு வயசுல வரிசையில நின்னு வருகைப் பதிவுக்கு உள்ளேன்னு சொன்னேன். மொதப் பாடம் குதிங்கால். அது தரையில படக்கூடாது. முன்பாதத்துல நிக்கோணும், சூடான தார் ரோட்டுல செருப்பில்லாம நிக்கற மாதிரி. ரெண்டாவது அந்தக் குதி. எதிராளி பந்தை அடிக்கப் போற அந்த நொடிக்கு ஒரு சின்னக் குதி, ஒரு சாண்கூட வேண்டியதில்ல. காலு ரெண்டும் தரைக்கு வர்றப்பவே எந்தப் பக்கம் போறதுன்னு தெரிஞ்சுரும். மூணாவது, நண்டாட்டம் பக்கவாட்டுல நகர்றது. நாலாவது, பந்துக்குக் கிட்டப் போனதும் பொடிப்பொடியா அடி வெச்சுச் சேந்து நிக்கறது. அடிச்சதுக்கப்பறம் நின்னு அழகு பாக்காம, வந்த எடத்துக்கே திரும்போணும்.

கேக்கறதுக்கு இம்புட்டுத்தான். ஆனாக் குதிக்கறது லேசுல வருதா? எனக்கு ஜோடியா வர்ஷினின்னு ஒரு பாப்பா. முன்பல்லு ரெண்டும் இல்ல. "தாத்தா, பந்து போனதுக்கப்பறம் குதிக்கறீங்க"ங்குது. "தாத்தா, குதிங்கால் பட்டுருச்சு, திருப்பி மொதல்லருந்து"ங்குது. நான் கடையில ஆறு பேத்துக்குச் சம்பளம் குடுக்கறவனுங்க. அந்தப் பாப்பா சொன்னா, மறுபேச்சில்லாமத் திரும்பி மொதல்லருந்து ஆரம்பிச்சேன்.

சேரி, ஒரு மணி நேரம் பத்தாதுன்னு கடையிலயும் பழகுனேன். ஆளு யாராச்சும் வந்து வாயைத் தொறக்கற நொடிக்கு ஒரு குதி. "ரெண்டு எச்.பி. மோட்டாரு"ன்னு சொல்றதுக்குள்ள குதிச்சு, நண்டாட்டம் நகந்து, மோட்டாருகிட்டப் போயி நிப்பேன். ஒரு கல்யாணப் பந்தியில சாம்பார் வாளி கிட்ட வந்தப்ப, உக்காந்த எடத்துலயே குதிச்சிருக்கேன். மொதலாளிக்கு நரம்புல என்னமோன்னு ஊருக்குள்ள ஒரே பேச்சு. பூங்கொடி மாரியம்மன் கோயிலுக்குப் போயி மந்திரிச்ச கயிறு வாங்கிட்டு வந்து, இந்தக் கணுக்கால்ல கட்டி உட்டா. பாருங்க, இன்னும் இருக்குது.

கார்த்திகை வாக்குல காலு கேக்க ஆரம்பிச்சுருச்சுங்க. ஆறு கிலோ எறங்கிட்டேன். வேட்டி இடுப்புல நிக்கல. ஆனா ஒரு கேடு பாருங்க, புதுசா வாங்குன ஷூ மூணே மாசத்துல அடி தேஞ்சு போச்சு. கடைக்காரன்கிட்டக் கொண்டு போயி வெச்சு, "முன்னெல்லாம் நாலு வருசம் வந்துச்சுப்பா, இப்பக் கம்பெனிக்காரங்க ஏமாத்தறாங்க"ன்னு சண்டை போட்டேன். அவன், "வேற என்ன மாத்துனீங்க?"ன்னான். நான் எதையும் மாத்தல, அதே கால்தான்னேன்.

கப்புக்கு ஜோடி வேணுமில்ல? வக்கீல் சுந்தரவடிவேலுவச் சேத்துட்டேன். அறுவத்திரண்டு வயசு. நல்ல மனுசன். என்ற கடைக் கட்டடத்துக் கேஸு எட்டு வருசமா அவருகிட்டத்தான் இருக்குது. ஆனா அந்தாளோட ஆடுனீங்கன்னா உங்களுக்கு உசுரு போயிரும். நகர மாட்டேங்கறாருங்க. நட்டு வெச்ச கல்லாட்டம் நிக்கறாரு. கை எட்டுனா அடிப்பாரு, எட்டலைன்னாப் பந்து போறதை வேடிக்கை பாப்பாரு. இப்படியும் ஒரு மனுசன் இருப்பாரான்னு எனக்கு ஆச்சரியம். இந்த மூலைக்கும் நானே, அந்த மூலைக்கும் நானே, அவரு முதுகுக்குப் பின்னாடி பூந்தும் நானே. மூச்சு வாங்குது. கேஸு அவருகிட்ட இருக்கறப்ப ஓடுங்கன்னு சொல்ல முடியுமா? ஒரு நாள் அவருக்கு ரெண்டடி தள்ளிப் பந்து உழுகுது. அவரு ரோசனை பண்றாரு. நான் பின்னாலிருந்து, "நீங்க இருங்கய்யா, நான் பாத்துக்கறேன்"னு கத்திட்டே ஓடுனேன்.

கத்துனதுக்கப்பறம், இது எங்கயோ கேட்ட பேச்சாட்டம் இருக்குதேன்னு ஒரு நெனப்பு வந்துச்சு. அந்தப் பந்தை நெட்டுலயே அடிச்சுட்டேன். அன்னைக்கு ஆட்டம் முடிஞ்சும் கோர்ட்டுலயே கொஞ்ச நேரம் உக்காந்திருந்தேனுங்க. ஆறுச்சாமி ரோலரை இழுத்துட்டு வந்து, "இன்னைக்கு உங்க பக்கமும் ஏர் ஓட்டியிருக்குதுங்க"ன்னாரு.

அதை உடுங்க. கப்புக்கு வருவோம். தை மூணாந்தேதி கடைசி ஆட்டம். அந்தப் பக்கம் ஈஸ்வரமூர்த்தியும் மேனேஜரும், இந்தப் பக்கம் நானும் வக்கீலும். வெளிய ஊருப்பட்ட கூட்டம். பூங்கொடி எந்தப் பக்கம் உக்கார்றதுன்னு தெரியாம நடுவுல நெட்டுக்கு நேரா சேரைப் போட்டுட்டா. ஈஸ்வரமூர்த்தி வந்து மொதல்ல என்ற காலைத் தொட்டுக் கும்பிட்டான். நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். அதை இப்ப நெனச்சா எனக்கே வெக்கமா இருக்குது.

எட்டு கேம் யாரு மொதல்ல எடுக்கறாங்களோ அவங்களுக்குக் கப்பு. நான் ஆடுன ஆட்டம் இருக்குதே, குதிச்சேன், நகந்தேன், பொடி அடி வெச்சேன். குழந்தைகள் பதினாலும் வேலியப் புடிச்சுட்டு, "தாத்தா, குதிங்கால்! தாத்தா, குதிங்கால்!"னு கத்துதுங்க. ஈஸ்வரமூர்த்தி அந்தப் பக்கமிருந்து என்னைப் பேயைப் பாத்த மாதிரி பாக்கறான். அவங்க ஏழு, நாங்க ஆறு. இன்னும் ஒரே பாயிண்டு அவங்க எடுத்தா முடிஞ்சுது. நாங்க எடுத்தா ஆட்டம் நீளும், மேனேஜருக்கு ஏற்கெனவே நாக்குத் தள்ளிருச்சு. நிச்சயமா நாங்கதான் ஜெயிச்சிருப்போம்.

வக்கீல் ஒரு பந்தை உசரத் தூக்கி உட்டாரு. வாழ்க்கையில அவரு அடிச்ச நல்ல பந்து அது ஒண்ணுதான். ஈஸ்வரமூர்த்தி தலைக்கு மேல போச்சு. அவன் திரும்பி ஓடுனான், பழைய ஓட்டம். எட்டித் தட்டிட்டான். தட்டறப்பவே அவன் வலது கால் மடங்குச்சு. சத்தம் எனக்குக் கேட்டுச்சுங்க. காஞ்ச வெறகை முறிச்ச மாதிரி. மண்ணுல உழுந்துட்டான்.

பந்து என்ன பண்ணுச்சு தெரியுமா? மெதுவா, தாலாட்டு மாதிரி, நெட்டைத் தாண்டி என்ற மூக்குக்கு நேரா வருது. மேனேஜரு எங்கயோ மூலையில. எதுத்தாப்ல கோர்ட்டு பூராம் காலி. சின்னப் பாப்பா தட்டுனாப் போதும். நான் குதிச்சேன். சரியான நேரத்துக்குக் குதிச்சேன், அதை ஜெசிந்தா டீச்சரே அப்பறம் சொன்னாங்க. காலு தரைக்கு வந்துச்சு. மொத அடி வெச்சேன். பந்து பக்கம் வெக்கலீங்க. பேட்டை எங்க வீசுனேன்னு தெரியாது. நெட்டைப் புடிச்சு ஏறி, வேட்டியில்லாம டவுசர் போட்டிருந்ததால தப்பிச்சேன், அந்தப் பக்கம் குதிச்சு ஓடுனேன். என்ற ஜென்மத்துல நான் அந்தக் கோர்ட்டுல ஓடுன ஓட்டம் அதுதான் ஓட்டம்.

கிட்டப் போயி உக்காந்தா, மண்ணுல கெடந்துட்டு அவன் சொல்றான், "நீங்க இருங்க மாமா, ஒண்ணுமில்லீங்க." வலியில ஒதடு நீலமாயிருக்குது. அப்பவும் நீங்க இருங்கங்கறான். அப்பறம், "மாமா, அந்தப் பந்தை ஏனுங்க உட்டீங்க? சும்மா தட்டியிருந்தாப் போதுமே"ங்கறான். எனக்கு அழுகை முட்டிட்டு வந்துச்சு. "வாயை மூடுடா"ன்னேன். இருவத்தொம்பது வருசத்துல அவனை நான் டான்னு சொன்னது அதுதான் மொதத் தடவை.

இந்த எடத்துல ஒரு அநியாயம் கேளுங்க. கோர்ட்டுல ஒரு ஆளு காலொடிஞ்சு கெடக்கறான், செக்ரட்டரி உசந்த சேர்ல உக்காந்துட்டு, "நெட்டைத் தொட்டா பாயிண்டு எதிராளிக்கு"ன்னு சொல்லி ஆட்டத்தை முடிச்சுட்டாரு. கப்பு அவங்களுக்கு. ரூலுன்னா ரூலுதான், ஒத்துக்கறேன். ஆனா அதைச் சொல்றதுக்கு ஒரு நேரம் இருக்குதில்ல? நான் இன்னும் அவருகிட்டப் பேசறதில்ல.

அந்தக் கப்பை ஈஸ்வரமூர்த்தி அவங்க அக்காகிட்டக் குடுத்து, இது மாமாவுதுன்னு எங்க ஊட்டுக்கு அனுப்பிட்டான். நான் திருப்பி அனுப்புனேன். மறுபடியும் வந்துச்சு. நாலு தடவை போயிட்டு வந்துருச்சு. இப்ப ரெண்டு ஊட்லயும் வேண்டாம்னு என்ற கார் டிக்கியில உருண்டுட்டுக் கெடக்குது. வேகத்தடையில ஏறுனா லொடலொடன்னு சத்தம் வருது.

இங்க கூட்டிட்டு வந்தப்ப டாக்டர் படத்தை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டுக் கேக்கறாரு, "இது ஒரு நாள்ல போன கால் இல்லயே. மூணு வருசமாவது வலி இருந்திருக்கணும். நீங்க ஆடறது ஜோடி ஆட்டந்தான? ரெண்டு பேரு ஓட வேண்டியதை ஒரே ஆளு ஓடுன மாதிரில்ல தேஞ்சிருக்கு?" ஈஸ்வரமூர்த்தி என்னைப் பாக்கவே இல்ல. "எனக்கு ஓடறது புடிக்குமுங்க டாக்டர்"னான்.

நான் சன்னலுக்கு வெளிய பாத்துட்டு நின்னேன். அங்க பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல, வண்டி நிறுத்தற எடந்தான். பூங்கொடி அப்பறந்தான் சொன்னா. ரெண்டு வருசமா ஒவ்வொரு ராத்திரியும் அவன் பொண்டாட்டி எண்ணெய் காச்சித் தேச்சு உட்டிருக்குது. மேனேஜரு ஓடற ஆளு, அவரோட ஆடுனா இன்னும் ரெண்டு வருசம் காலு தாங்கும்னுதான் மாறியிருக்கான். அதை எங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. சொன்னா மாமா மனசு நோகும்னு பயந்திருக்கான். ஏன்டி நீயாச்சும் சொல்லலைன்னு கேட்டேன். "சொன்னனே, கார் நிறுத்தற எடத்துலிருந்து நடக்கறேன்னீங்க"ன்னுட்டா.

நான் இப்பவும் சொல்றேனுங்க, எல்லாத் தப்பும் என்ற மேல கெடையாது. அவனும் வாயைத் தொறந்து ஒருக்கா, ஓடுங்க மாமான்னு சொல்லியிருக்கலாம். நான் என்ன, ஓட மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? சேரி, சொல்லியிருப்பேன். ஆனா அவன் சொல்லிப் பாத்திருக்கலாமில்ல?

டாக்டர் என்ன சொல்றாருன்னா, அவன் இனி ஓடக் கூடாது. நடக்கலாம், நின்ன எடத்துல ஆடலாம், அவ்வளவுதான். அவன் அதைக் கேட்டு ஒரு வாரம் சொவத்தையே பாத்துட்டுப் படுத்திருந்தான். நான் போயிக் கட்டில் ஓரமா உக்காந்து, "இதுல என்ன இருக்குது மாப்ள, நின்ன எடத்துல ஆடுறவனுக்கு ஏழு கப்பு கெடைச்சிருக்குது, எங்கிட்ட வந்து கத்துக்க. வாசப்படி கிருஷ்ணன் மாதிரி நீ நில்லு"ன்னேன். சிரிச்சுட்டான். ஆப்பரேசனுக்கு அப்பறம் அன்னைக்குத்தான் சிரிச்சான். அடுத்த பொங்கலுக்கு எங்க ரெண்டு பேரு பேரையும் போர்டுல நானே எழுதிட்டு வந்துட்டேன். இன்னும் பத்து மாசம் இருக்குதுன்னு செக்ரட்டரி சொன்னாராம். பரவாயில்ல, அழியாத மையிலதான் எழுதியிருக்கேன்.

உங்க செருப்பு பின்பக்கம் நல்லாத் தேஞ்சிருக்குதுங்களே. குதிங்கால்லயே நடக்கறீங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, அது இடுப்புக்கு ஆகாது. உங்கம்மா வந்ததும்...

சித்தெ இருங்க. கதவு.

அவன்தாங்க. நடக்கறான் பாருங்க, ஊணுகோல் இல்ல. நர்சம்மா தோளைக்கூடப் புடிக்கல. ஒண்ணு. ரெண்டு. மெதுவாடா சாமி. மூணு. அட, கக்கத்துல அந்த எக்ஸ்ரே கவரை எதுக்கு இடுக்கிட்டு வர்றான், நர்சம்மாகிட்டக் குடுக்க வேண்டியதுதான? நழுவுது பாருங்க. உழுந்துருச்சு. குனியறான் பாருங்க, குனியறான்.

நீ இரு மாப்ள. நான் பாத்துக்கறேன்.

இந்தா, எடுத்துட்டேன். புடி என்ற தோளை.

ஏனுங்க, நீங்க பாத்துட்டுத்தான இருந்தீங்க? குதிங்கால் தரையில பட்டுச்சுங்களா?